பயிற்சி முடிந்து மூன்று வாரம், பழைய குருடி கதவைத் திறடி! பேசும் முறைப் பயிற்சி அன்றாட வேலையில் ஒட்ட என்ன செய்தீர்கள்?

தெம்பனீஸ்_வாசி | திங்கள், இரவு 10:42

வணக்கம். சிங்கப்பூரில் சாங்கிப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் ஆப்பரேஷன்ஸ் பிரிவில் இருக்கிறேன். இரண்டு ஷிஃப்ட் சேர்த்து 34 பேர். நம்மவர்கள், சீனர்கள், மலாய்க்காரர்கள், மியன்மார், பிலிப்பைன்ஸ் என்று எல்லாரும் கலந்த கூட்டம்.

போன மாதம் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. டி, ஐ, எஸ், சி என்று நான்கு எழுத்தில் ஆட்களின் பேசும் முறையைப் பிரிப்பது. பல பேருக்குத் தெரிந்திருக்கும். டி என்றால் ‘முடிந்ததா இல்லையா’ என்று மட்டும் கேட்பவர். ஐ கலகலப்பு. எஸ் நிதானம், யாரோடும் மோதமாட்டார். சி விவரம் கேட்டே ஆளைக் கொல்பவர். நான் சி. என் மின்னஞ்சல்கள் அனுமார் வால் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் பயிற்சி நன்றாகவே இருந்தது, மத்தியானம் பிரியாணியும் மோசமில்லை.

இப்போது மிச்சமிருப்பது அடையாள அட்டையோடு கழுத்தில் தொங்கும், அவரவர் எழுத்து போட்ட ஒரு கலர் அட்டையும், ஒரு நல்ல சாக்கும். “நான் டி, அப்படித்தான் பேசுவேன்” என்று எங்கள் சூப்பர்வைசர் ஒருவர் இப்போது அதிகாரபூர்வமாகவே கத்துகிறார்.

போன வியாழக்கிழமை நடந்தது இது. ஆறாம் பேயில் (‘bay’, சரக்கு ஏற்றும் இடம்) இரண்டு பேலட் சரக்கு, சுங்க அனுமதி இன்னும் வரவில்லை. இரவு ஷிஃப்ட் ஆள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, வாசலை நோக்கி நடந்தபடி, “சிக்ஸ்ல இருக்கிறதைத் தொடாதே” என்று சொல்லிவிட்டுப் போனார். பகல் ஷிஃப்ட் ஆள் “கேன், கேன்” (சரி, சரி) என்றார். ஒன்பதரைக்கு அந்த இரண்டு பேலட்டும் லாரியில். பிஐஇ விரைவுச்சாலையில் பாதி வழியில் லாரியைத் திருப்பி வரவழைத்தோம். இரண்டு பேரும் பயிற்சியில் ஒரே மேசையில் உட்கார்ந்து ‘செவிமடுத்தல்’ விளையாட்டில் பரிசு வாங்கியவர்கள்!

மேலாளர், “இதை அன்றாட வேலையில் ஒட்ட வைக்க ஒரு பக்கம் எழுதிக் கொடு” என்கிறார். அவர் மனதில் இருப்பது மறுபடி ஒருநாள் பயிற்சி. எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் இடத்தில் எதாவது நிஜமாகவே ஒட்டியிருக்கிறதா?

---

சந்தேகசாமி | திங்கள், இரவு 11:05

ராசிபலன் ஏன் ஒட்டவில்லை என்று கேட்கிறீர்கள். 12 ராசியை 4 ஆக்கி, ஆளுக்கு ஒரு சட்டை மாதிரி மாட்டிவிட்டுக் காசு வாங்குகிறார்கள்.

வில்லியம் மார்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1928இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது இது. அவர் சோதனைத்தாள் எதையும் தயாரிக்கவில்லை, கேள்வித்தாள்களெல்லாம் பிறகு வேறு ஆட்கள் செய்தவை. அவர் வைத்த எஸ்ஸுக்குப் பொருள் ‘அடங்கிப்போதல்’. அந்தச் சொல்லை வைத்துப் பயிற்சி விற்க முடியுமா? அதனால் இன்று ‘நிதானம்’. இன்னொரு தமாஷ், 1941இல் வொண்டர் வுமன் என்ற காமிக்ஸ் நாயகியைப் படைத்தவரும் இதே மனிதர்தான்.

உங்கள் பயிற்சியில் ‘பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், மிச்சம் 93 குரலும் உடல்மொழியும்’ என்று ஒரு ஸ்லைடு வந்திருக்குமே?

---

தெம்பனீஸ்_வாசி | திங்கள், இரவு 11:11

வந்தது. முதல் நாள், டீ பிரேக்குக்கு முன்.

---

சந்தேகசாமி | திங்கள், இரவு 11:19

எதிர்பார்த்தேன். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த ஆய்வுகள். ஒருவர் தனக்குப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதைச் சொல்லும்போது, சொல் ஒன்று குரல் ஒன்றாக இருந்தால் கேட்பவர் எதை நம்புகிறார் என்று பார்த்தார்கள். அவ்வளவுதான். ‘ஆறாம் பேயில் இருப்பதைத் தொடாதே’ என்பதற்கு அந்தக் கணக்கு ஆகாது. 93 சதவீதத்தை முகபாவத்திலேயே சொல்லிவிடலாம் என்றால் உங்கள் லாரி ஏன் திரும்பி வந்தது?

---

இரவு_டியூட்டி | செவ்வாய், காலை 8:20

இப்போதுதான் வேலை முடிந்து ரயிலில் வருகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். தாதியாக 14 வருடம்.

எங்களுக்கு ஒட்டியது ஒன்று உண்டு. எஸ்பிஏஆர். நாங்கள் ‘எஸ்பார்’ என்போம். நிலைமை என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். இந்த வரிசையில்தான் பேச வேண்டும். அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஆட்களிடமிருந்து 2000களின் தொடக்கத்தில் மருத்துவமனைகளுக்கு வந்தது.

நான் புதிதாக இருந்தபோது இரவு மூன்று மணிக்கு டாக்டரைக் கூப்பிட்டால் இப்படித்தான் போகும்: “டாக்டர், சாரி, தூங்கிட்டிருந்தீங்களா... பேஷண்ட் கொஞ்சம் சரியில்லாத மாதிரி...” “கொஞ்சம்னா?” “சாயங்காலம் நல்லாத்தான் இருந்தார், சாப்பிடக்கூட செஞ்சார்...” இரண்டு நிமிடம் போயிருக்கும், ரத்த அழுத்தம் இன்னும் என் வாயிலிருந்து வந்திருக்காது.

இப்போது: “14ஆம் படுக்கை, பிரஷர் 84க்கு 50, அரை மணி நேரத்தில் இறங்கியது. நேற்று குடல் அறுவை சிகிச்சை. உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று நினைக்கிறேன். நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.” பதினைந்து விநாடி.

நான்காவது வரிதான் தொண்டையில் சிக்கும். ஒரு டாக்டரிடம் ‘நீங்கள் இதைச் செய்ய வேண்டும்’ என்று சொல்ல எங்களில் எத்தனை பேருக்கு வரும்? வீட்டில் அப்பாவிடமே சொன்னதில்லை.

பயிற்சி அரை நாள்தான், அதில் எனக்கு எதுவும் ஞாபகமில்லை. அந்த நான்கு வரியும் அச்சடித்த தாள் போன் பக்கத்திலேயே இருந்தது. நான்காவது வரியை நான் விழுங்கினால் மறுமுனையில் இருப்பவர் விடமாட்டார், “சரி, உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்பார். ஷிஃப்ட் மாறும்போதும் அதே தாள். கேட்பவருக்கும் அதே வரிசை தெரிந்திருந்ததால்தான் எனக்குப் பழகியது.

உங்கள் கலர் அட்டையை யார் எப்போது எடுத்துப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னார்களா அக்கா?

---

பட்டறை_அண்ணன் | செவ்வாய், மதியம் 12:34

தங்கச்சி சொன்னது சரி. நான் துவாஸ் பக்கம், கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வை. சாப்பாட்டு நேரம், அதனால் சுருக்கமாக. (சுருக்கமாக வரவில்லை, மன்னிக்கவும்.)

எங்களுக்கு தினமும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங். எழுபது பேர் வரிசையில். இன்றைக்கு என்ன வேலை, எங்கே ஆபத்து என்று சொல்லிவிட்டுக் கடைசியில் “புரிஞ்சுதா?” என்பேன். “யெஸ் சார்!” கப்பலே அதிரும். பல வருடம் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கிரேன் வேலை. ரிக்கர் (சரக்கைக் கட்டுபவர்), சிக்னல்மேன் எல்லாம் தயார். எதற்கோ தோன்றி, புதுக்கோட்டைப் பையன் ஒருவனிடம், “தூக்கும்போது நீ எங்கே நிற்பாய், போய் நின்று காட்டு” என்றேன். நேராகப் போய், சரக்கு சுற்றி வரும் வழிக்குச் சரியாகக் கீழே நின்றான்! சிரித்துக்கொண்டே. எட்டு மாதமாக தினமும் என் முன்னால் “யெஸ் சார்” சொன்னவன். தமிழ்ப் பையன், நான் தமிழிலேயே சொன்னேன். வங்காளதேசத்துப் பையன்களும் சீனாவிலிருந்து வந்தவர்களும் என்ன புரிந்துகொண்டிருப்பார்கள் என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை.

அன்றோடு ‘புரிஞ்சுதா’ என்ற சொல்லை விட்டேன். தினமும் மூன்று பேரைக் கூப்பிட்டு, வாயால் சொல்லச் சொல்வேன், இல்லாவிட்டால் நின்று காட்டச் சொல்வேன். மொழி வராதவன் நின்று காட்டலாம், அதுதான் வசதி.

ஒரு விஷயம். முதலில் இதைப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி செய்தேன். சொல்லத் தெரியாதவன் மற்றவர்கள் முன்னால் தலைகுனிந்தான், மறுநாள் எல்லாரும் என் கண்ணில் படாமல் பின்வரிசைக்குப் போனார்கள். இப்போது, “நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்கணும், நீ கேட்டதைச் சொல்லு” என்பேன். தப்பானால் தப்பு என் பேரில்.

---

ஏப்ரன்_தம்பி | செவ்வாய், மாலை 6:50

அண்ணே, எங்கள் வேலையும் இதேதான். விமானத்தைப் பின்னால் தள்ளும்போது நான் கீழே ஹெட்செட்டில். “ரிலீஸ் பிரேக்ஸ்” என்பேன். பைலட் “ஓகே” என்று சொன்னால் நகர மாட்டோம். “பிரேக்ஸ் ரிலீஸ்டு” என்று முழுசாக வரணும். அவர் 20 வருட கேப்டன், நான் வேலைக்கு வந்து இரண்டு வருடம். ஆனாலும் சொல்லியாக வேண்டும், அதில் யாருக்கும் மானக்கேடு இல்லை.

1977இல் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். கேஎல்எம் நிறுவன விமானத்தின் பைலட் ‘நாங்கள் இப்போது டேக்-ஆஃபில்’ என்று ஒரு மாதிரி சொல்ல, கட்டுப்பாட்டுக் கோபுரம் ‘ஓகே’ என்று தொடங்கியது. அடுத்து ‘காத்திருங்கள், கூப்பிடுகிறேன்’ என்று சொன்னது, அதே நேரம் இன்னொரு விமானமும் பேசியதால், இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை அனுமதி கொடுக்கும்போதும் ரத்துசெய்யும்போதும் மட்டும் சொல்லணும் என்று இறுக்கினார்கள். கிடங்கில் அவ்வளவு பெரிய ஆபத்து இல்லைதான், ஆனால் உங்கள் ‘கேன், கேன்’ அந்த ‘ஓகே’வின் தம்பி.

---

சந்தேகசாமி | செவ்வாய், இரவு 7:15

‘கேன்’ பற்றிப் பேசினால் தனி இழையே வேண்டும். ‘கேன்’ என்றால் முடியும். ‘கேன் லா’ என்றால் கவலையை விடு. ‘கேன் லோர்’ என்றால் எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் செய்து தொலைக்கிறேன். ‘கேன் மே?’ என்றால் உனக்கே நம்பிக்கை இருக்கா? ‘கேன், கேன்’ என்று இரட்டையாக வந்தால், என் அனுபவத்தில், பேச்சை முடி, நான் போகணும்.

---

பட்டறை_அண்ணன் | செவ்வாய், இரவு 9:02

ஹா ஹா. இரட்டைக் கேன் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு.

சம்பந்தமில்லாத கேள்வி: 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதம் அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சிக் கணக்கில் கூடுதலாக 4,000 சிங்கப்பூர் வெள்ளி போட்டார்களே, அதை வைத்து இந்த மாதிரிப் பேச்சுப் பயிற்சிக்குப் போக முடியுமா? வீட்டம்மா எனக்கு மிகவும் தேவை என்கிறார்.

---

வகுப்பறை_வாத்தி | செவ்வாய், இரவு 10:30

அண்ணே, அந்த 4,000 எல்லா வகுப்புக்கும் செல்லாது, வேலைவாய்ப்புக்கு உதவும் என்று தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்குத்தான். பதிவு செய்யும் முன் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டம்மாவுக்கு நின்று காட்டினாலே போதும் என்று நினைக்கிறேன்.

நான் இந்த வகுப்புகளை எடுத்தே சாப்பிடுகிறவன், அதனால் சந்தேகசாமி ஐயாவின் அடி எனக்கும் விழுந்தது. மெஹ்ராபியன் ஸ்லைடை நான் தூக்கி நாலு வருடமாகிறது. நான்கு எழுத்து விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ‘எதிரில் இருப்பவர் என்னைப் போல் இல்லை’ என்று ஒருவருக்கு உறைப்பதற்கு அது உதவும். அதற்கு மேல் அதில் சாறு இல்லை.

எங்கள் தொழிலின் ரகசியம் ஒன்று சொல்கிறேன். டொனால்ட் கர்க்பேட்ரிக் 1959இல் பயிற்சியை நான்கு படியில் அளக்கச் சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலைக்குத் திரும்பிய பிறகு நடத்தை மாறியதா, அதனால் பலன் கிடைத்ததா. நாங்கள் வகுப்பு முடிந்ததும் ஒரு படிவம் கொடுத்து முதல் படியை மட்டும் அளந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். ஏசி குளிராக இருந்தது, பயிற்சியாளர் நட்பாகப் பழகினார், ஐந்துக்கு ஐந்து. மூன்றாவது படி உங்கள் கிடங்கில் நடக்கிறது, அங்கே நாங்கள் இல்லை.

மறந்துபோவதால் ஒட்டவில்லை என்று உங்கள் மேலாளர் நினைக்கிறார், அதனால்தான் மறுபயிற்சி. எபிங்ஹவுஸ் 1885இல் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்தார், ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் உங்கள் ஆட்கள் மறக்கவில்லையே! ‘நான் டி’ என்று சூப்பர்வைசர் தெளிவாக ஞாபகம் வைத்திருக்கிறார். எந்த நிமிடத்தில் எதைச் செய்வது என்பதைத்தான் யாரும் முடிவு செய்யவில்லை. பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதியது அதைப் பற்றித்தான்: ‘இனி கவனமாகக் கேட்பேன்’ என்ற எண்ணத்தை விட, ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள்.

உங்கள் இடத்தில் தினமும் தவறாமல் நடக்கும் நேரம் எது? ஷிஃப்ட் மாறும் நேரம். ஒரே ஒரு முடிச்சை அங்கே போடுங்கள். நான்கைந்து போட்டால் ஒன்றும் நிற்காது.

---

டி_ரகம் | புதன், காலை 7:48

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். உங்கள் சூப்பர்வைசர் சார்பாக நான் பேசுகிறேன், நானும் டி. என் கீழ் 11 பேர், ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகம்.

எங்கள் இடத்தில் பயிற்சி நடந்தபோது முதல் நாள் காலை வரவேற்புரை சொல்லிவிட்டு மீட்டிங் இருக்கிறது என்று கிளம்பியவன் நான். பிறகு எனக்கும் ஒரு அட்டை அனுப்பி வைத்தார்கள். நான் போட்டுக்கொண்டு திரிந்தேன். என்னைப் பார்த்துத்தானே மற்றவர்களும் செய்வார்கள்?

மாறியது வேறு ஒரு காரணத்தால். ஒருநாள் இரவு 11 மணிக்கு, “அந்தக் குவோட்டேஷன் என்னாச்சு?” என்று ஒரு வாட்ஸ்அப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். சும்மா ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். காலையில் பார்த்தால் 2:40க்கு முழுக் குவோட்டேஷனும் வந்திருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கைக்குழந்தை. அவள் எதுவும் சொல்லவில்லை. பக்கத்து மேசைக்காரர்தான் கோப்பிக் கடையில் வைத்து, “பாஸ், உங்க மெசேஜுக்கு அடியில ஒரு நேரம் போடுங்க” என்றார்.

இப்போது கேள்வியோடு நேரமும் எழுதுகிறேன். ‘நாளை மூன்று மணிக்குள் போதும்.’ இதை நானாக ஞாபகம் வைத்துச் செய்கிறேன் என்று பெருமை பேச மாட்டேன், மறந்தால் அவர்களே ‘எப்போதுக்குள், பாஸ்?’ என்று பதில் போடலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முதல் மாதம் யாரும் போடவில்லை. பயம். பிறகு ஒருவர் போட்டார். நான் திட்டவில்லை என்று தெரிந்ததும் எல்லாரும் போடுகிறார்கள், இப்போது கொஞ்சம் தொல்லையாகவே இருக்கிறது.

---

தெம்பனீஸ்_வாசி | புதன், இரவு 9:55

எல்லாருக்கும் நன்றி. ஒரு பக்கம் எழுதச் சொன்னார், அரைப் பக்கம் எழுதினேன் (சி ரகத்துக்கு இது சாதனை).

காலை 7:50க்கு வெள்ளைப் பலகை முன்னால் நின்று மூன்று கேள்வி: எதைத் தொடக்கூடாது? எது பாதியில் நிற்கிறது? சந்தேகம் என்றால் யாரைக் கேட்பது? முதல் கேள்விக்கு வந்த பதிலை மட்டும் பகல் ஷிஃப்ட் ஆள் திருப்பிச் சொல்ல வேண்டும். நான்கு நிமிடம். அதற்கு மேல் முடியாது, இரவு ஷிஃப்டின் கம்பெனி பஸ் 8:05க்குக் கிளம்பிவிடும்.

---

இரவு_டியூட்டி | வியாழன், அதிகாலை 4:10

கேள்வியை யார் கேட்பது? அதையும் முடிவு செய்துவிடுங்கள். இப்போது பிரேக், அதனால் இவ்வளவுதான்.

---

தெம்பனீஸ்_வாசி | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:30

திரும்பி வந்திருக்கிறேன்.

முதல் வாரம் ஒரே சிரிப்பு. திருப்பிச் சொல்லும்போது ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி குரல் மாற்றிச் சொன்னார்கள். பரவாயில்லை, சொன்னார்கள்.

இரண்டாவது வாரம் நான் மூன்று நாள் லீவு. திரும்பி வந்து பார்த்தால் மூன்று நாளும் நடக்கவில்லை. பலகையில் என் கையெழுத்தே அழியாமல் இருந்தது. தங்கச்சி காலை நாலு மணிக்குக் கேட்ட கேள்வியின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. கேட்டுக்கொண்டிருந்தது நான்! இரவு ஷிஃப்ட் ஆளுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம், அவர் வலிய வந்து சொல்லமாட்டார். எட்டு மணியிலிருந்து பேச்சு வாங்கப்போவது பகல் ஷிஃப்ட் ஆள். அதனால் கேள்வியை அவர் கையில் கொடுத்தோம். அவர் கேட்டுத் திருப்பிச் சொல்லிப் பலகையில் முதலெழுத்துப் போட்ட பிறகுதான் இரவு ஆள் பஸ்ஸுக்குப் போகலாம். அதற்குப் பிறகு நான் இல்லாத நாளிலும் நடக்கிறது.

மூன்றாவது வாரம் ஒரு நல்ல விஷயம் அகப்பட்டது. ‘நாலாம் நம்பர் ஃபோர்க்லிஃப்டைத் தொடாதே’ என்றார் இரவு ஆள். பகல் ஷிஃப்டில் ஒரு சீன ஆன்ட்டி, அறுபதைத் தாண்டியவர், மாண்டரினில் திருப்பிச் சொன்னார். மலேசியச் சீனப் பையன் அதை எங்களுக்குச் சொன்னபோது ‘நாலாம் பேயில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டாதே’ என்று ஆகியிருந்தது. இரவு ஆள் பதறிப்போய், “நோ, நோ, நம்பர் ஃபோர் வண்டி, பிரேக் மெதுவாகப் பிடிக்குது” என்று ஓடிப்போய் வண்டியையே தொட்டுக் காட்டினார். பட்டறை அண்ணன் நினைவுக்கு வந்தார்.

தோற்றதும் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் ஒன்றரை நிமிடக் குரல் பதிவு போடுவது நிற்கவே இல்லை. அதற்கு என்னிடம் வழி எதுவும் இல்லை. சனிக்கிழமை ஓவர்டைமுக்கு வரும் வெளி ஆட்கள் பலகைப் பக்கமே வருவதில்லை. டி சூப்பர்வைசர் இன்னும் கத்துகிறார், ஆனால் பலகை முன்னால் நிற்கும் நான்கு நிமிடம் கத்துவதில்லை. திருப்பிச் சொல்லும்வரை வாய் திறக்கக்கூடாது என்பது அங்கே விதி, அவருக்கு விதி என்றால் பிடிக்கும்.

மேலாளர் மறுபயிற்சிக்குத் தேதி போட்டுவிட்டார். பிரியாணி உண்டாம்.

---

சந்தேகசாமி | ஞாயிறு, மாலை 6:02

கலர் அட்டையை என்ன செய்தீர்கள்?

---

தெம்பனீஸ்_வாசி | ஞாயிறு, மாலை 6:20

கழுத்தில்தான் தொங்குகிறது. பின்பக்கம் காலியாக இருந்தது, மூன்று கேள்வியையும் நான்கு மொழியில் அச்சடித்து ஒட்டிவிட்டோம். மியன்மார் மொழி மட்டும் பாக்கி. எழுத்துரு சரியாக வரமாட்டேன் என்கிறது, யாருக்காவது தெரியுமா?